கல்லாப் பெட்டியும் கல்விச் செலவும்

ஜொகூர் ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பிள்ளை, மேற்பட்டத்துக்கு இன்னும் இரண்டாண்டு கேட்கிறது. "கடைக்கு ஆளில்லையே" என்று நாம் பெருமூச்செறிகிறோம்.

ஹிஜ்ரி 2-இல் பத்ருக் கைதிகளின் மீட்புத் தொகை 4,000 திர்ஹம் வரை இருந்தது. பணமில்லாத, எழுதத் தெரிந்த கைதி மதீனாச் சிறுவர் பதின்மருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். முஹாஜிர்கள் வறுமையில் வாடிய வேளையிலும், பணமாய் வராததைக் கல்வியாய் ஏற்றார்கள்!

நாமும் கணக்குப் போடுவோம், முழுக்கணக்காய்ப் போடுவோம். கட்டணத்தோடு ஈராண்டு இழக்கும் சம்பளத்தையும் சேர்ப்போம். ஆராய்ச்சிக்கும் விரிவுரையாளர் வேலைக்கும் மேற்பட்டம் தேவை. கட்டடம் எழுப்பும் பொறியாளருக்குப் பெரும்பாலும் முதற்பட்டமே போதும். வெறும் பெருமைக்கென்றால் வேண்டாம். வட்டிக்கு வாங்கியும் வேண்டாம். ஆனால் கடையைக் காட்டித் தடுக்க வேண்டாம். கடைக்குச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும்.