ஜெனீவாவும் அதன் அயலாரும்

ஒரு தேசத்தின் மதத்தை அதன் ஜனசங்கியையைக் கொண்டு அளப்பதா, அன்றி அத்தேசத்தார் பொருளைச் செலவிடும் விதம், பேச்சில் காட்டும் அடக்கம், ஓய்வுநாளைக் கழிக்கும் முறை என்னும் சுபாவங்களைக் கொண்டு அளப்பதா என்று ஆராய விரும்புவோர்க்கு ஜெனீவாவின் சரித்திரம் மிகவும் பயன்படும். 1536-இல் புரொட்டஸ்டாண்டுச் சீர்திருத்த மார்க்கத்தைத் தழுவி, அவ்வாண்டிலேயே வந்து சேர்ந்த கால்வினின் கண்டிப்பான நியமங்களுக்கு நாளடைவில் தன்னை ஒப்படைத்த அந்நகரை இழந்த கத்தோலிக்க மேற்றிராணிமார், அருகிலிருந்த அன்னசியில் தங்கிக்கொண்டு, ஜெனீவாவின் மேற்றிராணியார் என்ற பட்டத்தை மட்டும் விடாது தரித்துவந்தனர். அவர்களுள் புகழ்பெற்றவர், 1602 முதல் 1622 வரை அப்பட்டத்தை வகித்த பிரான்சிஸ் சலேசியார். நம் ஊர்களில் தொன் போஸ்கோ பள்ளிகளை நடத்தும் சலேசிய சபை இவர் பெயரைத் தாங்கியதே.

ஆர்வ் நதிக்கு அப்பால், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சார்டினியா அரசர் ஜெனீவாவுக்குப் போட்டியாகக் கரூஜ் என்னும் நகரை நிர்மாணித்தார். கத்தோலிக்க அரசருடைய அந்நகரில் யூதரும் புரொட்டஸ்டாண்டினரும் குடியேறி வாழ இடம் கிடைத்தது. எதிர்க்கரையில் இருந்த சுதந்தர நகரமோ அக்காலத்தில் யூதரைக் குடியேறவிடவில்லை. சகிப்புத்தன்மை ஏதோ ஒரு சபைக்கே உரிய குணம் என்று வாதிப்பவர்கள் இவ்விரு கரைகளையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

1815-ஐ ஒட்டி ஜெனீவா சுவிட்சர்லாந்தோடு இணைந்தபொழுது, துண்டு துண்டாய்க் கிடந்த தன் நிலங்களை ஒன்றாக்கக் கரூஜையும் அண்டையிலிருந்த சவாய்ப் பிரதேசத்துக் கிராமங்கள் சிலவற்றையும் பெற்றது. கத்தோலிக்கர் பெருகிவிடுவரே என்று அஞ்சிய நகரப் பெரியோர் பலர் நிலம் குறைந்தாலும் குறையட்டும் என்றே கருதினர். இன்று வரைபடத்தில் ஜெனீவா கான்டன், அதாவது அச்சுவிஸ் மாநிலம், அவ்வளவு சிறியதாகத் தோன்றுவதற்கு அவ்வச்சமும் ஒரு காரணம். ஆயினும் எல்லைக்கோடு தடுத்ததைக் கூலி தடுக்கவில்லை. கொத்தர்களும் பணிப்பெண்களும் அயல் நாட்டுக் குடியானவரும் வேலை தேடி வந்து குவிய, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கர் தொகையில் மிகுந்தனர். ஆனால் அவருள் பலர் வாக்குரிமையற்ற அந்நியர் ஆதலின், வங்கியும் கல்விச்சாலையும் ஆட்சியும் பழைய புரொட்டஸ்டாண்டுக் குடும்பங்களின் கையிலேயே நின்றன. இக்குடும்பங்களின் சிக்கனமும் உழைப்புமே அக்கூலியாட்களை அழைத்துவந்தன என்பதை நினைத்தால், கால்வினின் சீடர்கள் தம் குணத்தாலேயே தம் பெரும்பான்மையை இழந்தனர் என்று சொல்லத் தோன்றுகிறது.

தொகையில் தளர்ந்த தரப்பு அதிகாரத்தை இறுகப் பற்றுவது மனித இயல்பு. கரூஜில் பிறந்த மெர்மியோ என்னும் குருவைப் போப்பாண்டவர் ஜெனீவாவின் திருச்சபைத் தலைவராக நியமித்ததற்காக, 1873-இல் சுவிஸ் அரசாங்கம் அவரை நாடு கடத்தியது. ஆத்மாவின் விஷயத்தில் ரோமாபுரி தலையிடலாகாதென்று பிரிந்தவர்களின் வழித்தோன்றல்கள், அதே விஷயத்தில் அரசாங்கம் தலையிட்டதைக் கண்டு மகிழ்ந்தனர். 1907-இல் அரசும் சபையும் பிரிய வேண்டுமென்று மக்கள் வாக்களித்த பின்னர்தான் இப்பூசல் தணிந்தது. கத்தோலிக்கரும் இதற்குள் பகட்டை வெறுத்து, அடக்கமாகப் பேசி, கணக்குப் பார்த்து வாழும் ஜெனீவா வாசிகளாக மாறிவிட்டனர். பீடம் ரோமாபுரியுடையது, நடை கால்வினுடையது.

2022-இல் கால்வின் உபதேசித்த புனித பேதுரு பேராலயத்தில் புரொட்டஸ்டாண்டு சபையாரே இடமளிக்க, ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் கத்தோலிக்கப் பூசை நடந்தது. அதற்குள் அக்கான்டனில் எம்மதத்தையும் சாராதோரின் தொகை இவ்விரு தரப்பாரில் எவரையும் விஞ்சியிருந்தது.