தணித்தலும் தீர்த்தலும்: நரம்புச் சிதைவு நோய்களில் மருந்தின் அறம்

நோயை வேரோடு நீக்காத ஒன்றை மருந்து எனக் கொள்ளலாமா என்னும் வினாவை நரம்புச் சிதைவு நோய்கள் எழுப்புகின்றன. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில், மூளையில் டோபமினை உண்டாக்கும் உயிரணுக்கள் படிப்படியாக அழிகின்றன. லெவோடோபா என்னும் மருந்து மூளையை அடைந்து டோபமினாக மாறி, விறைப்பையும் இயக்கத் தளர்ச்சியையும் குறைக்கின்றது. உயிரணுக்களின் அழிவை அது நிறுத்துவதில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல ஒரு வேளை மருந்தின் பயன் நிற்கும் நேரம் குறுகும். கட்டுக்கடங்கா அசைவுகளும் தோன்றலாம்.

இப்பொருள் பூனைக்காலி விதையில் உண்டென்பதைச் சென்னையில் ஆய்ந்த தாமோதரனும் இராமசாமியும் 1937இல் வெளியிட்டனர். அதனை மிகுந்த அளவில் அளித்துப் பயன்கண்ட கோட்சியாசின் ஆய்வு 1967இல் வெளிவந்தது. பொருளைக் கண்டறிவதற்கும் நோயாளிக்கு உரிய அளவைக் கண்டறிவதற்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயைத் தணிக்கும் வழியை ஆராயுமாறு கூறுகின்றது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காகவும் பகுக்கின்றது. தீர்க்கவியலா நோயில் நான்காம் கூறே பெரும்பொறுப்பை ஏற்கின்றது. நரம்பியல் வல்லுநரைக் காண மலையிறங்க வேண்டிய காந்தளூர் போன்ற ஊர்களில், வேளை தவறாது மருந்தைத் தருபவர் வீட்டாரே.

முழுமையாகத் தீர்க்காத மருந்து துன்பத்தை நீட்டிக்கவே செய்யும் என வாதிடலாம். ஆயின், தன் கையால் உண்ணவும் எழுந்து நடக்கவும் இயலும் ஆண்டுகள் வெறும் நீட்டிப்பு ஆகா. தணிப்பது குற்றமன்று, தணிப்பதைத் தீர்ப்பது என உரைத்தலே குற்றம். அவ்வுண்மையை நோயாளிக்கு உரைப்பதும், பேணுபவரின் உழைப்பை மருத்துவத்தின் கூறாக மதிப்பதும் இம்மருந்து வேண்டும் அறம் எனலாம்.