குரூப்பில் வேண்டாம், தனியே சொல்

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு – முதலாம் ஆண்டு
எசேக்கியேல் 33:7-9, உரோமையர் 13:8-10, மத்தேயு 18:15-20



உனக்குத் தவறு செய்தவரிடம் முதலில் நீ மட்டும் போய்ப் பேசு. கேட்கவில்லையா, இன்னும் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்கவில்லையென்றால் சபையிடம் சொல். இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் நமக்குக் காட்டும் வழி இதுதான். நம் வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் ஒருவருக்கொருவர் எழுதும்போதும் இதே வழியில் நடக்க வேண்டும். அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.

2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்பறை செல்போனுக்குள் வந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் பல வீடுகளில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அதில் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதனால் சிறு பிள்ளைகள் அம்மாவின் போனில், அம்மாவின் எண்ணிலிருந்து எழுதுகிறார்கள். தாய்மார்களே, உங்கள் பெயரோடும் படத்தோடும் போகிற அந்தச் செய்திகளை நீங்கள் படித்துப் பார்த்ததுண்டா?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் குரூப் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு பையன் நண்பனின் காம்பஸை இரவல் வாங்கி உடைத்துவிடுகிறான். பயத்தில் சொல்லாமல் இருக்கிறான். கொடுத்தவனுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அவன் நேரே குரூப்பில் “திருடன்” என்று எழுதுகிறான். ஒருவன் சிரிக்கிற ஸ்டிக்கர் போடுகிறான். இன்னொருத்தி பழைய சண்டையைக் கிளறுகிறாள். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து டியூஷன் குரூப்புக்கு அனுப்புகிறார்கள். மறுநாள் காலை அந்தப் பையன் வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போக மறுக்கிறான்.

இங்கே ஆண்டவரின் வழி தலைகீழாகிவிட்டது. கடைசியில் வர வேண்டிய சபை முதலில் கூடிவிட்டது. இருவரும் தனியே பேசவே இல்லை.

தனியே போகச் சொன்னவருக்கு மனிதரின் உள்ளம் தெரியும். நேரில் பேசும்போது நண்பனின் கண் கலங்குவது தெரியும். நம் குரல் தானாகவே தணியும். தவறு செய்தவனும் நான்கு பேர் முன்னால் வீம்பு பிடிக்கத் தேவையில்லை. மன்னிப்புக் கேட்க அவனுக்கு இடம் கிடைக்கும். அந்தச் சகோதரன் நமக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதே ஆண்டவரின் நோக்கம். திரையில் எதிராளியின் முகம் தெரிவதில்லை. ஆகவே பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: “கண்ணு, இதை அவன் முன்னால நின்னு, அவன் அம்மாவும் பக்கத்துல இருக்கும்போது சொல்லுவியா?” சொல்ல முடியாது என்றால் அந்தச் செய்தி போக வேண்டாம்.

“பொய்யா சொன்னேன்? உண்மையைத்தானே எழுதினேன்!” என்று பிள்ளை கேட்கலாம். பெரியவர்களும் அதைத்தான் கேட்கிறோம். எட்டாம் கட்டளையை விளக்கும் இடத்தில் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2477) இதற்குப் பதில் தருகிறது. ஒருவருடைய குறை உண்மையானதாகவே இருந்தாலும், தக்க காரணமின்றி அதை அறியாதவர்களிடம் சொல்வது அவரது நற்பெயருக்கு எதிரான குற்றம். அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிய விரலும் குற்றத்தில் பங்கு கொண்டது.

பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். உங்களை யாராவது தொடர்ந்து கேலி செய்தால், மிரட்டினால், அசிங்கமான படமோ சொல்லோ அனுப்பினால், நீங்கள் தனியாகப் போராட வேண்டியதில்லை. உடனே அம்மா அப்பாவிடம், டீச்சரிடம், மறைக்கல்வி ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. பெரியவர்களின் துணையைத் தேடவும் ஆண்டவர் வழிவிட்டிருக்கிறார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். அப்படித் துன்புறுத்துபவரை பிளாக் செய்வதிலும் தவறில்லை. ஆனால் அவர்மேல் வெறுப்பை வளர்க்காமல் அவருக்காகச் செபியுங்கள். சபைக்கும் செவிகொடுக்காதவரை வரிதண்டுபவரைப் போல விலக்கி வைக்கச் சொன்ன அதே இயேசு, மத்தேயு என்கிற வரிதண்டுபவரைத் தேடிப்போய் அழைத்தவர்.

பெற்றோரே, முதல் வாசகம் நமக்கானது. ஆண்டவர் எசேக்கியேலைக் காவலாளாக ஏற்படுத்தி, எச்சரிக்க வேண்டிய நேரத்தில் வாய் திறக்காவிட்டால் உன்னிடம் கணக்குக் கேட்பேன் என்கிறார். போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறவர் காவலாள் ஆக முடியாது. பக்கத்தில் உட்காருங்கள். அனுப்பும் முன் செய்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் செய்தியையும் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். சொந்தக்காரர் குரூப்பில் நாத்தனாரைக் குத்திப் பேசுகிறோம்; அன்பியக் குரூப்பில்கூட ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுகிறோம். இதையெல்லாம் பார்க்கிற பிள்ளைக்கு நம் அறிவுரை காதில் ஏறாது.

பிள்ளை தவறு செய்துவிட்டால்? அவனையும் தனியே அழைத்துப் பேசுங்கள். விருந்தாளிகள் முன்னால் அவமானப்படுத்தாதீர்கள். போனைப் பிடுங்கி வைப்பதோடு நிறுத்தவும் வேண்டாம். அனுப்பிய செய்தியை எல்லாருடைய போனிலிருந்தும் அழிக்கிற வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஆனால் ஸ்கிரீன்ஷாட் அழியாது, புண்பட்ட மனமும் ஆறாது. பிறர் பெயரைக் கெடுத்தவர் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது திருச்சபையின் போதனை (மறைக்கல்வி நூல், எண் 2487). ஆகவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த நண்பனின் வீட்டுக்குப் போங்கள். எந்தக் குரூப்பில் திட்டினானோ, அதே குரூப்பில் “நான் எழுதியது தப்பு, மன்னிச்சிடு” என்று எழுத வையுங்கள். ஒப்புரவு அருளடையாளத்துக்கு இதைவிட நல்ல தயாரிப்பு ஒரு பிள்ளைக்கு இல்லை.

இது பிள்ளைகளால் முடியுமா? புனித கார்லோ அகுதிஸ் இத்தாலியின் மிலான் நகரில் வளர்ந்தவர். கணினியில் கெட்டிக்காரர். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் அமைத்தார். வகுப்பில் கேலிக்கு ஆளான பிள்ளைகளின் பக்கம் நின்றார். 2006இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 15. திருத்தந்தை 14ஆம் லியோ 2025 செப்டம்பர் 7 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். நம் பிள்ளைகள் புழங்குகிற அதே இணையத்தில் புழங்கிய ஒரு சிறுவன் புனிதராகியிருக்கிறார்.

அன்பு அடுத்தவருக்குத் தீங்கு செய்யாது என்று புனித பவுல் இன்று நமக்கு எழுதுகிறார். அவரும் தூரத்தில் இருந்தவர்களுக்குச் செய்தி அனுப்பியவர்தான். இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரியம் செய்யுங்கள். குரூப்பில் யாருடைய மனதையாவது நோகடித்திருக்கிறோமா என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். இருந்தால், அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வருமுன் அவரிடம் போய்ச் சமாதானமாகுங்கள். பிள்ளையின் தவறானால் பிள்ளையும் நீங்களும், உங்கள் தவறானால் பிள்ளையின் கண் முன்னே நீங்கள்.

ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் நாவையும் விரல்களையும் உம் அன்பால் புனிதப்படுத்தும். அவர்களுக்கு முன்மாதிரியாக நடக்கும் வரத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.