தந்தை என்ற நிரல்

எங்கள் பாடசாலையில் கணினிக்கு ஆசிரியர் இல்லை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் வேறு பாடம் பயின்று வந்த என் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்தது. முதல் நாள் இரவு நான் படிப்பதை மறுநாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். அவர்களில் சிலர் என்னை முந்திப் போய்விடுவதும் உண்டு.

அப்படி முந்திப் போன உயர்தர மாணவியொருத்தி, பைத்தன் மொழியில் ‘மாணவர்’ என்றொரு பொருளை உருவாக்கினாள். பெயர், ஊர், புள்ளிகள் எல்லாவற்றையும் அதற்குள் வைத்து அச்சிடச் சொன்னாள். திரையில் ஒரே வரிதான் வந்தது. இரண்டு கோண அடைப்புக்குறிகளுக்கு நடுவே, இது ஒரு மாணவர் பொருள் என்ற குறிப்பும், நினைவகத்தில் அது இருக்கும் முகவரியும்.

“என்ன சேர் இது? பேரும் இல்ல, மார்க்ஸும் இல்ல. இந்த மெசினுக்கு வாசிக்கத் தெரியாதா?”

அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. தேடிப் படித்தேன்.

ஓர் எண்ணை அல்லது திகதியைக் கணினி தன் மொழியில் எழுதிக் காட்டினால், அந்த வரியைத் திரும்ப உள்ளிட்டு அதே எண்ணை, அதே திகதியைப் பெறலாம். 2004 டிசம்பர் 26 என்ற திகதி அப்படி முழுமையாக எழுதப்படக்கூடியது. எல்லாப் பொருளும் அவ்வாறல்ல. திறந்திருக்கும் ஒரு கோப்பு, இன்னொரு கணினியோடு நடந்துகொண்டிருக்கும் ஒரு தொடர்பு போன்றவற்றை எந்த வரியாலும் மீட்டுத் தர முடியாது. இன்னும் சில பொருட்களைப் பற்றி எதைச் சொல்ல வேண்டுமென்று ஆக்கியவர் சொல்லி வைக்கவில்லை. இந்த மாணவியின் பொருள் அந்த வகை. இத்தகையவற்றுக்கே கோண அடைப்புக்குறி. ‘இங்கே ஒன்று இருக்கிறது, இந்த வரி அதுவாகாது’ என்பதே அதன் அர்த்தம்.

1994இல் தரப்படுத்தப்பட்ட கொமன் லிஸ்ப் என்ற மொழி இன்னும் கண்டிப்பானது. இப்படி எழுதப்பட்ட வரியை யாராவது திரும்ப வாசிக்கக் கொடுத்தால் அது பிழை என்று நின்றுவிடும். ‘திரும்ப வாசிக்கக் கூடியதாக மட்டுமே எழுது’ என்று கட்டளையிட்டு, எழுத இயலாத பொருளொன்றைக் கொடுத்தாலும், எதையோ எழுதி ஒப்பேற்றாது. முடியாது என்று அறிவித்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பையனின் ஞாபகம் வந்தது.

2011ஆம் ஆண்டு. தரம் 6இல் புதிதாகச் சேர்ந்தவர்களின் விபரங்களைப் பதிவேட்டில் நிரப்பிக்கொண்டிருந்தேன். ‘தந்தை’ என்ற நிரலில் உயிருடன் உள்ளார் அல்லது காலமானார் என்று எழுத வேண்டும். அந்தப் பையனின் வாப்பா சுனாமியன்று கடற்கரையில் நின்றவர். ஜனாஸா கிடைக்கவில்லை. இலங்கையில் சுனாமியால் அதிகம் பேரை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை. இப்படிப்பட்ட வீடுகள் கரையோரமெங்கும் இருந்தன. நான் யோசிக்காமல் ‘காலமானார்’ என்று எழுதினேன். மேசையருகில் நின்றவன் அதை வாசித்துவிட்டான்.

“உம்மா அப்பிடிச் சொல்றல்ல சேர். வாப்பா வருவாரெண்டுதான் இரிக்கா.”

ஆறு வருடத்துக்குப் பிறகும் இதென்ன பேச்சு என்று நினைத்தேன். பேனையை எடுத்து அடுத்த பெயருக்குப் போனேன்.

நான் எழுதியது அநேகமாக உண்மையாக இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றை, தெரிந்ததுபோல் முழுமையான ஒரு சொல்லாக எழுதினேன். பதிவேட்டை வாசித்த அடுத்தடுத்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் அவன் ‘தந்தையை இழந்தவன்’ ஆனான். காத்திருக்கும் ஒரு வீடு அந்தச் சொல்லில் இல்லாமல் போனது.

நம்முடைய பிக்ஹு நூல்களில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. உயிரோடிருக்கிறாரா, மௌத்தாகிவிட்டாரா என்று அறியப்படாதவர் மஃப்கூத். காழி தீர்ப்புச் சொல்லும்வரை அவருடைய சொத்தைப் பங்கிட மாட்டார்கள். அரசாங்கமும் வேறொரு துயரத்தின் வழியாக இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. யுத்தத்தில் காணாமற்போனோரின் குடும்பங்களுக்காக 2016இல் மரணப் பதிவுச் சட்டமொன்றைத் திருத்தி, இறந்தார் என்று கூறாமல் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு வழி செய்தார்கள். அதுவும் ஒரு கோண அடைப்புக்குறிதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. உதவிப் பணத்துக்கும் காணி உறுதிக்கும் கடதாசி வேண்டும். தெரியாது என்று எழுதினால் அடுப்பு எரியுமா? நியாயமான கேள்வி. சுனாமியில் காணாமற்போனோரின் மரணத்தைப் பதிய 2005இல் தனிச் சட்டம் கொண்டுவந்ததும் இந்தத் தேவைக்காகத்தான். தேவைக்காக ஒரு சொல்லை எழுதலாம். எழுதியபின் அந்தச் சொல்லே ஆள் என்று நம்பிவிடுவதுதான் பிழை. ‘சொல்ல முடியாது’ என்று சோம்பியிருக்கவும் கூடாது. அடைப்புக்குறிக்குள் தெரிந்ததையெல்லாம் எழுத வேண்டும். அந்த மாணவியும் பிறகு பெயர், ஊர், புள்ளிகள் தெரியும்படி தன் பொருளைத் திருத்தினாள். அடைப்புக்குறியை மட்டும் அழிக்கவில்லை.

கணினி தரும் முகவரி, அந்தச் செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் செல்லும். நின்றுவிட்டால் அது வெறும் இலக்கம். மனிதர்களிடமும் அப்படித்தான், கேட்க வேண்டியதை அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இப்போது அந்த நிரலில் எனக்குத் தெரியாத இடம் வந்தால், ‘தாயாரிடம் கேட்கவும்’ என்று எழுதுகிறேன். பதிவேட்டைப் பரிசோதிக்க வந்த ஒருவர், “இது என்ன பதில் மாஸ்டர்?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன்.