அரளியை எங்கே வைப்பது?

தோட்டத்தில் இருந்தவரை இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. சிரம்பானுக்கும் ரந்தாவுக்கும் இடையில் எங்கள் லயம். மாரியம்மன் கோயிலோரம் செவ்வரளி நின்றது, வேண்டியவர்கள் பறித்துக்கொண்டார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நாங்களும் சிரம்பான் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். அதன் பிறகு எங்கள் பூவெல்லாம் தொட்டிப் பூதான்.

வரும்போது அம்மா அந்த அரளியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தார். ஒரே பெரிய தொட்டியில் அரளி, துளசி, ஓரத்தில் கனகாம்பரம். அம்மனுக்கு, பெருமாளுக்கு, கொண்டைக்கு என்று கணக்கு! துளசி சீக்கிரமே வாடிப்போச்சு. துளசிக்கு மண்ணில் ஈரம் வேண்டும். அரளி காய்ந்த மண்ணிலும் நிற்கும், வேரும் தடித்துப் பரவும். கனகாம்பரத்துக்கோ உச்சி வெயில் ஆகாது. தண்ணீரும் வெயிலும் ஒரே அளவு கேட்கிற செடிகளைத்தான் ஒரு தொட்டியில் சேர்க்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரளியைத் தனித் தொட்டிக்கு மாற்றி, வெயில் விழும் பொது நடைபாதையில் வைத்தேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கின் பேரன், இரண்டு வயதுப் பிள்ளை, கீழே கிடந்த அரளிப்பூவை வாய்க்குக் கொண்டுபோனான். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அரளியில் இலை, பூ, தண்டு, விதை எல்லாமே விஷம்; இதயத் துடிப்பையே கெடுக்கும். மக்சிக் சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கிப் போனார். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

நண்பனிடம் சொன்னேன். "கோயிலையே இடம் மாத்தினாங்க, லயத்தை உடைச்சாங்க, இப்ப சாமிப் பூவையும் விட்டுக்கொடுக்கணுமா?" என்றான். அவன் கோபம் பொய்யில்லை. எனக்கும் அது உண்டு. ஆனால் அந்தக் கோபத்துக்கும் இந்தக் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? நடைபாதை எனக்கு மட்டும் சொந்தமா? நீங்களே சொல்லுங்கள்.

பெரியபுராணத்தில் திருப்புகலூர் முருக நாயனார் விடியுமுன் எழுந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூவும் பறித்து மாலை கட்டுவார். பூவுக்கா பஞ்சம்? இன்ன பூ இல்லாவிட்டால் பூசையே இல்லை என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்வது சுலபமாக இல்லை. "அது எங்கம்மா வச்ச செடிடா" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "செம்பருத்தி ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். செம்பருத்தியும் அம்மனுக்கு ஆகும். துளசிபோலவே வெயிலும் தண்ணீரும் கேட்கும், பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் வைக்கலாம். 1960 முதல் நாட்டின் தேசிய மலரும் அதுதான். மக்சிக்கிடம் அரளி விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். முகம் மாறியது. கொஞ்ச நேரம் கழித்து, செம்பருத்தியைப் பார்த்து "புங்கா ராயா" என்றார்.

அரளித் தொட்டி இப்போது டவுன் கோயிலில், பிள்ளைகள் போகாத பின்பக்க வேலிக்குள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை போனால் அம்மா முதலில் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அம்மனிடம் போகிறார்.