அதே வேன்தானா?

இறைச்சியும் பாலும் சுமந்த பழைய குளிர்சாதன வேனை வாங்கி, படுத்துறங்கும் வண்டியாக்குவோர் பிரிட்டனில் உண்டு. சுவருக்குள் வெப்பம் தடுக்கும் நுரை தயாராக இருக்கிறது. குளிரூட்டியைக் கழற்றி, ஜன்னல் வெட்டி, கட்டில் போட வேண்டும். காற்றுப் புகாத பெட்டியில் அடுப்பெரிப்பது உயிருக்கே ஆபத்து என்பதால், காற்றுவழிதான் முதல் வேலை.

சரி, இது இன்னும் அதே வேன்தானா?

பலகை பலகையாக மாற்றப்பட்ட, கிரேக்கப் புராண நாயகன் தீசியஸின் கப்பல் பழையதா புதியதா என்று தத்துவவாதிகள் மோதிக்கொண்டதைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பௌத்தத் துறவி நாகசேனரோ மிலிந்த மன்னனிடம், அச்சும் சக்கரமும் தேரல்ல, தேர் என்பது வெறும் வழக்குப் பெயர் என்றார். வேனின் கதை வேறு: உறுப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்க, பயன் மட்டும் மாறுகிறது. பொருளை அதன் தொழிலால் அறியச் சொன்ன அரிஸ்டாட்டில் பக்கமே இங்கு நியாயம்: தொழில் மாறியதால் இது வேறு வண்டி.

பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ இந்த வாதத்துக்கு மசிவதில்லை. உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தாலும், வெளித்தோற்றம் மோட்டார் காரவனாக, அதாவது படுத்துறங்கும் வண்டியாக, தெரியாவிட்டால், பதிவேட்டில் அது வேன்தான்.