ஏழாவது ஆள்

இங்கிலாந்தில் சில வீடுகளின் கொல்லையில் இன்னும் அந்தக் கூடு நிற்கிறது. மண்வெட்டியும் பழைய சைக்கிளும் போட்டுவைத்திருக்கிறார்கள். வளைந்த இரும்புத் தகடு, துரு. புகைப்படத்தில் வேறொன்றும் தெரிவதில்லை. ஆனால் தனக்குள் எத்தனை பேருக்கு இடம் என்பதை இவ்வளவு பச்சையாகச் சொன்ன கட்டடம் அபூர்வம். ஆறு பேர்.

ஆண்டர்ஸன் பதுங்கு குழி. 1932 முதல் 1937 வரை வங்காள கவர்னராக இருந்து, ஊர் திரும்பி, விமானத் தாக்குதல் தற்காப்புக்குப் பொறுப்பான அமைச்சரான ஸர் ஜான் ஆண்டர்ஸனின் பெயர். 6 அடி உயரம், 4½ அடி அகலம், 6½ அடி நீளம். 4 அடி குழி வெட்டி இறக்கி, மேலே 15 அங்குலமாவது மண் போட வேண்டும். செங்கல் சுவர் அதிர்ச்சியை எதிர்த்து நின்று இடியும். இது நெளிந்து கொடுத்து, மிச்சத்தை மண்ணிடம் விட்டுவிடும். நேரே விழும் குண்டுக்கு இதனிடம் பதில் இல்லை. 1939 பிப்ரவரியில் விநியோகம் ஆரம்பம். வருஷ வருமானம் 250 பவுண்டுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். மற்றவர்களுக்கு 7 பவுண்டு.

சைரன் ஊதியாயிற்று. உள்ளே ஆறு பேர். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது?

இதை மனச்சாட்சியின் பிரச்னையாக எடுத்துக்கொண்டு கதை எழுத நம்மில் பலருக்கு வரும். எனக்கு இந்தக் கேள்வியின் மேலேயே சந்தேகம். கொல்லை உள்ளவனுக்கே குழி என்று தீர்மானமான அன்றே ஏழாவது ஆள் வெளியே நின்றாகிவிட்டது. லண்டன் கிழக்குப் பகுதியின் நெருக்கடியான குடியிருப்புகளில், தகடு இலவசமானாலும் புதைக்க மண் ஏது?

ஸ்பெயின் யுத்தத்தை நேரில் பார்த்த விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன், ஆழமான பொதுச் சுரங்கங்கள் வேண்டும் என்று 1938இலேயே எழுதினார். அரசாங்கம் மறுத்தது. பலர் ஒரே இடத்தில் கூடினால் ஒரே குண்டில் பலர் சாவார்கள் என்பது ஒரு காரணம். ஆழத்தில் பத்திரமாக இருந்து பழகியவர்கள் வேலைக்கு மேலே வரமாட்டார்கள் என்ற பயம் இன்னொன்று. 1940 செப்டம்பரில் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு சுரங்க ரயில் நிலையங்களில் இறங்கினார்கள். இரவெல்லாம் மேலே வரவில்லை. கூடாதென்ற அரசாங்கம் இணங்க வேண்டியதாயிற்று.

பெரியது நல்லது, சின்னது கெட்டது என்பதல்ல என் வாதம். 1943இல் பெத்னல் கிரீன் நிலையப் படிக்கட்டில், குண்டே விழாமல், நெரிசலில் 173 பேர் இறந்தார்கள். பொது இடமும் கொல்லும். நான் சொல்வது வேறு. பங்கீட்டை வரைபடத்தில் முடித்துவிட்டு, மிஞ்சும் குற்றவுணர்வை மட்டும் வாசலில் நிற்பவன் தலையில் வைத்து, அதற்கு அறம் என்று பெயர் சூட்டுகிறோம்.

விதியில் இடமில்லை என்று கவுன்ட்டரிலிருந்து தினமும் ஆட்களைத் திருப்பியனுப்புகிறவன் நான். விதி என்னுடையதல்ல, அதைச் சொல்லும் முகம் என்னுடையது. ஆகவே நான் நிரபராதி என்று எழுதிவிட ஆசைதான். எழுத முடியவில்லை. அந்தக் குழியின் வாசல், முன்தகட்டில் விட்ட வெறும் திறப்பு. வரைந்தவர்கள் ஆறு பேருக்குத்தான் அளவெடுத்தார்கள். ஏழாவது ஆள் குனிந்து நுழைய, உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்தால் போதும்.